வீட்டு ஏக்கம்: எப்படி உண்டாகிறது, எப்படித் தணிகிறது

கல்லூரிகள் திறந்த சில வாரங்களுக்கு மதுரை விடுதிகளில் ஒரே பேச்சுதான். கமுதியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வந்து சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். "வீட்டைத் தேடுது மேடம், ரெண்டு நாள் போயிட்டு வந்துர்றேன்" என்று விடுதிக் காப்பாளரிடம் விடுப்புக் கேட்டு நிற்கிறார்கள். அதே நாட்களில், மதுரையிலிருந்து சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்ட தாய்மார்கள், போனில் கேட்ட குரல் சரியில்லையே என்று இங்கே தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள்.

இதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் இல்லை. செல்லம் கொடுத்து வளர்த்ததன் பலன் என்பார்கள். ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்பார்கள். ஆம்பளைப் பையன் இதற்கெல்லாம் அழலாமா என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட பேச்சு, ஏங்குகிறவரை வெட்கப்பட வைப்பதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. வெட்கப்படுகிறவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். சொல்லாதவருக்கு உதவி கிடைக்காது. ஆகவே, இந்த ஏக்கம் மனத்திலும் உடலிலும் எப்படி உண்டாகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

## வீட்டு ஏக்கம் என்று எதைச் சொல்கிறோம்?

வீட்டையும் வீட்டாரையும் பிரிந்திருக்கும்போதோ பிரியப்போகிறோம் என்று நினைக்கும்போதோ உண்டாகும் மன வருத்தத்தையே இந்தக் கட்டுரையில் வீட்டு ஏக்கம் என்று சொல்கிறேன். நினைப்பு திரும்பத் திரும்ப வீட்டுப் பக்கமே போய் நிற்பது அதன் முதல் அடையாளம். பசி குறையலாம், தூக்கம் கெடலாம், வயிற்று வலியும் தலைவலியும் வரலாம். பெட்டி கட்டும் நாளிலேயே இது தொடங்கிவிடுவதும் உண்டு.

இதை மருத்துவக் கண்ணோடு பார்க்கும் முயற்சி பழையது. 1688-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், சொந்த ஊரை விட்டு வெளியே போன சுவிஸ் மக்களிடம் கண்ட இந்த ஏக்கத்தை ஒரு நோயாகவே வகைப்படுத்தி ஆய்வேடு எழுதினார். ஊருக்குத் திருப்பி அனுப்புவதே அதற்கு உரிய மருந்து என்று அவர் கருதினார். இன்றைய உளவியல் இதை நோய் என்று சொல்வதில்லை. பிரிவுக்கு மனித மனம் காட்டும் இயல்பான எதிர்வினை என்றே சொல்கிறது. வீட்டை விட்டு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது ஓரளவு இருக்கவே செய்யும். அன்றாட வாழ்க்கையே நின்றுபோகும் அளவுக்குக் கடுமையாவது சிலருக்குத்தான்.

## பிடுங்கி நட்ட மல்லிகை நாற்று

மதுரை, திண்டுக்கல் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களுக்கு நாற்றுகள் பெரும்பாலும் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் பகுதியிலிருந்து வருகின்றன. அங்கே மணலில் பதியன் போட்டு வேர்பிடிக்க வைத்த நாற்றைப் பிடுங்கி, கட்டாகக் கட்டி, இங்கே கொண்டுவந்து நடுகிறார்கள். நட்ட சில நாட்களுக்கு நாற்று வாடிப்போய் நிற்கும். பார்க்கிறவர்கள் மண் சேரவில்லை என்று நினைக்கலாம். நடந்தது வேறு: பிடுங்கும்போது தடித்த வேர் தப்பிவிடுகிறது, நீரை உறிஞ்சும் நுண்ணிய வேர்த்தூவிகள்தான் அறுந்துபோகின்றன. அவை புதிதாக முளைக்கும் வரை, எவ்வளவு நல்ல மண்ணில் நட்டாலும் இலைக்குப் போதிய நீர் போய்ச் சேராது. இது தெரிந்த விவசாயி நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடுகிறார். வேர் பிடித்ததா என்று பார்க்க நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை.

மனிதரிலும் அறுபடுவது தடித்த வேர் இல்லை. அம்மா அப்பாவின் அன்பும், ஊரில் நமக்குள்ள இடமும் தூரம் போனதால் இல்லாமல் போய்விடுவதில்லை. அறுபடுபவை கண்ணுக்குத் தெரியாத இழைகள். அவை இரண்டு வகைப்பட்டவை. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

## முதல் இழை: பிணைப்பு

மீனாட்சி அம்மன் கோயிலின் பொற்றாமரைக் குளத்து மண்டபத்தில் மாலை நேரத்தில் உட்கார்ந்திருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நடை பழகிய குழந்தை அம்மாவின் மடியிலிருந்து இறங்கித் தூணை நோக்கிப் போகும். பாதியில் திரும்பி, அம்மா அங்கேயே இருக்கிறாளா என்று பார்க்கும். இருக்கிறாள் என்று கண்டதும் இன்னும் நாலடி தைரியமாகப் போகும். அம்மா தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டால், வேடிக்கை பார்ப்பதை அப்படியே விட்டுவிட்டு வீறிட்டு அழும்.

தன்னைக் காக்கும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்று குழந்தையை உந்தும் இந்த உறவுக்குப் பிணைப்பு என்று பெயர். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இந்தக் கோட்பாட்டை உருவாக்கினார். 1969-இல் அதைப் பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த், குழந்தைக்குத் தாய் ஒரு பாதுகாப்புத் தளமாக இருக்கிறாள் என்று விளக்கினார். எங்கிருந்து புறப்பட்டுப் புதியதைத் தேடிப் போகிறோமோ, பயம் வந்தால் எங்கே திரும்பி வருகிறோமோ, அதுவே பாதுகாப்புத் தளம். திரும்பிப் பார்க்கும்போது அந்தத் தளம் கண்ணில் படாவிட்டால் உடல் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. கார்டிசால் முதலான நெருக்கடிக் கால ஹார்மோன்கள் சுரக்கின்றன, பசி மந்தமாகிறது, தூக்கம் கலைகிறது.

வளர்ந்த பிறகும் இந்த ஏற்பாடு நம்மை விட்டுப் போவதில்லை. பதினெட்டு வயதுப் பையன் புதிய விடுதியில் படுத்துக்கொண்டு வீட்டை நினைப்பது, அந்தக் குழந்தை திரும்பிப் பார்த்த அதே செயல்தான். அவன் கோழை என்பதற்கோ, செல்லத்தால் கெட்டவன் என்பதற்கோ அது சான்றாகாது. திரும்பிப் பார்க்கத் தகுந்த வீடு ஒன்று அவனுக்கு இருந்திருக்கிறது என்பதையே பல நேரம் அது காட்டுகிறது.

## இரண்டாவது இழை: பழக்கம்

சொந்த ஊரில் நாம் யோசித்துச் செய்கிற காரியங்கள் மிகக் குறைவு. எந்தத் தெருவில் திரும்புவது, எந்தக் கடையில் பால் வாங்குவது, எதிர்ப்படுகிற பெரியவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதெல்லாம் காலும் வாயும் தாமாகவே செய்துவிடும். மூளை இவற்றைப் பழக்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுத் தன் கவனத்தை மிச்சப்படுத்துகிறது. புதிய ஊரில் அந்தத் துணை ஒரே நாளில் போய்விடுகிறது.

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் அதிகாலை இறங்கிய ஒரு மாணவியின் முதல் நாளை எண்ணிப் பாருங்கள். கல்லூரிக்கு எந்தப் பேருந்து, நடத்துநரிடம் எந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது, குளியலறை வரிசையில் எப்போது போய் நின்றால் தண்ணீர் வரும், மெஸ்ஸில் தட்டு யார் கழுவுவது, சீனியர் அக்காவிடம் எப்படிப் பேசுவது என்று ஒவ்வொன்றுக்கும் அவள் யோசித்தாக வேண்டும். பெரிய துன்பம் எதுவும் நேராத நாள்தான். ஆனாலும் இரவு எட்டு மணிக்குள் அவள் மனம் களைத்துவிடுகிறது. களைத்த மனத்துக்கு, யோசிக்காமல் இருக்கக்கூடிய ஒரே இடம் நினைவுக்கு வருகிறது. அதுதான் வீடு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பாதுகாப்புத் தளம் கண்ணுக்கு எட்டாமல் போவதால் வரும் பதற்றமும், பழக்கங்கள் அறுந்ததால் வரும் களைப்பும் கலந்ததே வீட்டு ஏக்கம். பதற்றத்துக்கு வீட்டோடு தொடர்பு தேவை. களைப்புக்குப் புதிய இடத்தில் புதிய பழக்கங்கள் தேவை. ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றது தீராது.

## ஏன் மாலையில் கூடுகிறது?

பகலில் வகுப்பும் வேலையும் கவனத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. கை சும்மா இருக்கும் நேரத்தில், குறிப்பாக மாலையிலும் படுக்கப் போகும்போதும், நினைப்பு தன் வழியே போகிறது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் கடுமை; விடுதியில் கூட்டம் குறைந்திருக்கும், ஊர்க்கறிக்குழம்பின் நேரம் வரும்.

வாசனைக்கு இதில் தனி இடம் உண்டு. கண்ணும் காதும் தரும் செய்திகள் தாலமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்தே மூளையின் மேற்பகுதியைச் சேர்கின்றன. வாசனையோ அந்த இடைநிலையத்தில் நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை மிகக் குறுகிய வழியில் எட்டிவிடுகிறது. ஐதராபாத்தில் ஒரு பேருந்தில் முன் இருக்கைப் பெண்ணின் தலையில் இருக்கும் மல்லிகை, மதுரைப் பெண் ஒருத்தியைச் சொல்லிக்கொள்ளாமல் அழவைப்பதற்குக் காரணம் இதுதான். திருவிழாவும் அப்படியே. சித்திரைப் பௌர்ணமி அன்று அழகர் ஆற்றில் இறங்குவதை அதிகாலையில் செல்போன் திரையில் பார்க்கிற துபாய்க்காரருக்கு, பல மாதம் அடங்கியிருந்த ஏக்கம் மறுபடி எழுவது இயல்பு. அதுவரை பழகியதெல்லாம் வீணாயிற்று என்று அவர் எண்ண வேண்டியதில்லை. தணியும்போது இது நேர்க்கோட்டில் தணியாது. ஏறி இறங்கித்தான் தணியும்.

## பலரும் செய்கிற இரண்டு தவறுகள்

விடுதிப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காண்கிற காட்சி ஒன்று: எவர்சில்வர் டம்ளரில் செல்போனைச் சாய்த்து வைத்து வீடியோ அழைப்பில் அம்மா மாவாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண். பேச்சு முடிந்து நெடுநேரமாகியும் அழைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவளுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கும் அறைத்தோழி எந்த ஊர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. உடம்பு மதுரையில், மனம் தேவகோட்டை அடுப்படியில் என்றால் இங்கே வேர் விடுவது எப்படி?

இதற்கு நேர் எதிரானது இரண்டாவது தவறு. பேசினால் அழுகை வரும் என்று வீட்டுக்குப் போன் செய்வதையே நிறுத்திவிடுவது. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பையன்கள். இதை மனவுறுதி என்று பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு உடன்பாடில்லை. துண்டித்துக்கொண்டால் பதற்றம் அடங்காது, வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

நெதர்லாந்து உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-இல், நெருங்கியவரை இழந்தவர்கள் துக்கத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்று விளக்கும் மாதிரி ஒன்றை வெளியிட்டார்கள். பின்னாளில் அதை வீட்டு ஏக்கத்துக்கும் பொருத்திக் காட்டினார்கள். அதை இங்கே இருதடச் சமாளிப்பு என்று அழைக்கிறேன். ஒரு தடம் இழந்ததை நினைத்து வருந்துவது. மற்றொரு தடம் புதிய வாழ்க்கைக்கு ஏற்பாடு செய்துகொள்வது. இரண்டிலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது, ஒன்றிலேயே நின்றுவிடவும் கூடாது. சிறிது நேரம் இதில், சிறிது நேரம் அதில் என்று போய்வருவதுதான் நலம் தருகிறது.

நடைமுறையில் முதலில் மாற்ற வேண்டியது போன் நேரம். வீட்டோடு பேசுவதற்கு ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. படுக்கும் முன் என்பதைவிட இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன் என்பது என் பரிந்துரை. பேசி முடித்துக் கண் கலங்கினாலும், உடனே நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடப் போக வேண்டியிருக்கும். இருட்டில் தனியே படுத்து அசைபோட நேர்வதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் நேர வித்தியாசத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இந்தக் கணக்கு தவறினால் யாராவது ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பேச வேண்டிவரும்.

அடுத்தது, அறுந்த பழக்கங்களுக்கு மாற்று. இதற்குப் பெரிய முயற்சிகள் வேண்டியதில்லை. தினமும் ஒரே கடையில் டீ குடியுங்கள். சில வாரத்தில், கேட்காமலே சீனி கம்மியாக உங்கள் டீயை மாஸ்டர் நீட்டுவார். புதிய ஊரில் உங்களை அறிந்த ஒருவர் அப்போது கிடைத்துவிட்டார். ஒரே வழியாக நடந்து போங்கள், ஒரே நூலகத்தில் ஒரே மேசையில் உட்காருங்கள். கால் தானாகத் திரும்பும் இடங்கள் கூடக்கூட, மனத்தின் களைப்பு குறையும்.

வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவருவது பலவீனம் என்று எண்ண வேண்டாம். பழகிய போர்வையும் அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப் பொடியும் உண்மையிலேயே உதவுகின்றன. அந்தப் பொடி டப்பாவை மெஸ்ஸில் திறந்து பக்கத்தில் இருப்பவருக்கும் போட்டால், வீட்டை நினைப்பதும் புதிய உறவைத் தொடங்குவதும் ஒரே கவளத்தில் நடந்துவிடுகின்றன. இருதடச் சமாளிப்பை இதைவிட எளிதாகச் செய்யும் வழி எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குப் போவதைப் பொறுத்தவரை, முதல் சில வாரங்கள் வெள்ளிக்கிழமை தோறும் ஓடுவது வேர்விடுவதைத் தள்ளிப்போடும் என்றே நினைக்கிறேன். போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் முன்கூட்டியே குறித்துவிட்டால், இடைப்பட்ட நாட்களைக் கடப்பது எளிதாகும்.

## அனுப்பி வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

"பிடிக்கலைன்னா ஒரு போன் போடு, அப்பா உடனே வந்து கூட்டிட்டு வந்துர்றேன்." பாசத்தில் பேசும் இந்த வாக்கு கெடுதலையே செய்கிறது. முகாம்களிலும் விடுதிகளிலும் தங்கும் பிள்ளைகளின் வீட்டு ஏக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டனுடன் சேர்ந்து 2007-இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய வாக்குறுதியைத் தவிர்க்கும்படி பெற்றோருக்கு அறிவுறுத்துகிறார். காரணம் விளங்கக்கூடியதே. உன்னால் முடியாது என்று அப்பாவே எதிர்பார்க்கிறார் என்ற செய்தி பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. சாம்பாரில் உப்புக் கூடினாலும் போன் போடலாமா என்ற கணக்கே மனத்தில் ஓடுகிறது. போன் போட்டும் அப்பா வராவிட்டால், நம்பிக்கையும் உடைகிறது.

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: "மொதல்ல கொஞ்ச நாளு வீட்டைத் தேடத்தான் செய்யும், எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். தேடும்போது என்ன செய்யலாம்னு இப்பவே பேசி வச்சுக்குவோம்." பிரிந்திருந்து பழக்கப்படுத்துவதும் பயன் தரும். கோடை விடுமுறையில் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ சில நாள் தங்க அனுப்பி, மணிக்கொரு தரம் போன் செய்யாமல் இருந்து பாருங்கள். அது பிள்ளைக்கும் பயிற்சி, உங்களுக்கும் பயிற்சி. எந்த ஊரில், எந்த விடுதியில் சேர்வது என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு இருக்கட்டும். தன்னைக் கேட்காமல் கொண்டுவந்து விட்டார்கள் என்ற எண்ணம் ஏக்கத்தைக் கடுமையாக்குகிறது. சேர்த்துவிட்ட அன்று, அழுவானே என்று பயந்து கண்ணில் படாமல் நழுவிவிடாதீர்கள். சொல்லிக்கொண்டு, எப்போது பேசுவோம் என்பதையும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

## வேலைக்காகப் போனவர்கள், வந்தவர்கள்

விடுதி மாணவர்களுக்குச் சொன்னதெல்லாம் தொழிலாளர்களுக்கும் பொருந்தும். அவர்களுக்கு ஓய்வு குறைவு, பொறுப்பு அதிகம். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து முறுக்குத் தொழிலுக்கு வடமாநிலங்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்களோடு சேர்ந்தே போகிறார்கள். அது பாதுகாப்புத் தளத்தின் ஒரு பகுதியைக் கையோடு கொண்டுபோவதற்குச் சமம். ஆனால் அந்த ஊரின் பேச்சைக் கற்காமலே இருந்துவிட்டால், கடைத்தெருவுக்குப் போவதுகூட ஒவ்வொரு நாளும் புதிய சுமையாகவே இருக்கும்.

மதுரை ஓட்டல்களின் அடுப்படியில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர்களுக்கும் இதே ஏக்கம்தான். சோற்றில் நீர் ஊற்றிப் புளிக்க வைத்து உண்ணும் பகாளா அவர்கள் ஊரின் அன்றாட உணவு. நம் பழைய சோற்றுக்கு மிக நெருங்கியது. வாரம் ஒரு நாள் அவர்கள் விரும்பியபடி சமைத்துக்கொள்ள விடுவதும், சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பதும், ஊர்த் திருவிழாவுக்கு விடுப்புத் தருவதும் முதலாளிகளின் கையில் இருக்கின்றன.

## வீட்டு ஏக்கம் போலத் தோன்றும் வேறு துன்பங்கள்

"வீட்டுக்குப் போகணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது ஏக்கம்தான் என்று உடனே முடிவுகட்டுவது ஆபத்து. அந்தச் சொற்களுக்குப் பின்னால் ராகிங் இருக்கலாம், பாலியல் தொல்லை இருக்கலாம், வேலைக்குப் போனவராக இருந்தால் கொடுக்காத கூலி இருக்கலாம். ஏக்கத்துக்குத்தான் பொறுமை மருந்து, கொடுமைக்கு இல்லை. "கொஞ்ச நாள் பொறுத்துக்க" என்று சொல்வதற்கு முன், அங்கே யாரைக் கண்டால் பயமாக இருக்கிறது, எந்த நேரம் பயமாக இருக்கிறது என்று தனியே வைத்துக் கேட்க வேண்டும். ஏக்கம் என்றால் பதில் வீட்டைப் பற்றியதாக இருக்கும். தொல்லை என்றால் குறிப்பிட்ட ஆளையோ அறையையோ நேரத்தையோ சுற்றி வரும், அல்லது பிள்ளை பேச்சையே மாற்றும். தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் 1997-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.

மனச்சோர்வு நோயையும் இதிலிருந்து பிரித்தறிய வேண்டும். ஏங்குகிறவர் வீட்டுக்குப் போனால் தெளிவார். நண்பர்கள் வந்தால் சிறிது நேரமாவது சிரிப்பார். மனச்சோர்வில் இருப்பவருக்கு வீட்டிலும் எதுவும் பிடிக்காது; முன்பு விரும்பிச் செய்ததில்கூட நாட்டம் இருக்காது. அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் படிப்பும் குலைந்தாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றே பார்க்க வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஏங்குகிறவர் தாமே அழைக்கலாம். அவரைப் பற்றிக் கவலைப்படும் அறைத்தோழரோ, தொலைவில் இருக்கும் தாயோ அழைத்து, என்ன செய்வது என்று கேட்கவும் செய்யலாம்.